எகெமோகின் ரீச் மரப் படகுப் பந்தயம்: எபாக்சி போட்டு ஒட்டினதும் மரப் படகுதானா?

உப்புக்காற்று, ஜூன் 14, இரவு 9:52

அமெரிக்காவுல மேய்ன் மாநிலம், புரூக்ளின்னு ஒரு கடலோரச் சின்ன ஊர். வருஷா வருஷம் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை அங்க எகெமோகின் ரீச் ரெகட்டா, 1985-லேர்ந்து. நூறை ஒட்டிப் பாய்மரப் படகுங்க, அத்தனையும் மரம். ஃபைபர்கிளாஸ் உடம்புன்னா கிட்டயே வரக்கூடாது. இதுவரைக்கும் சரி.

என் கேள்வி இதுதான். 1998-ல தண்ணியில இறங்கின டபிள்யூ-76 படகு ரெண்டு இருக்கு, ஒயிட் விங்ஸ், வைல்ட் ஹார்ஸஸ். மரத்தை மெல்லிசாச் சீவி, எபாக்சி தடவி அடுக்கடுக்கா ஒட்டிக் கட்டினது. பாய்மரம் கார்பன் ஃபைபர். 1938-ல வரைஞ்ச கன்கார்டியா யாலும் (ரெண்டு பாய்மரம் வெச்ச படகு) இதுவும் ஒரே தண்ணியில ஓடி, அதுக்குப் பேரு மரப் படகுப் பந்தயமா? பிளைவுட் பீரோவைத் தேக்கு பீரோன்னு விக்கிற கதைதானே?

ஏரா, ஜூன் 15, காலை 6:20

இரண்டு கேள்விகளுக்கு ஒரே முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். எது மரப் படகு என்பது ஒன்று. எதை எதோடு ஓடவிடுவது என்பது வேறு.

இரண்டாவது சுலபம். டபிள்யூ-76 கன்கார்டியாவோடு பரிசுக்கு மோதுவதில்லை. பழைய வரைபடத்தின் சாயலில் புதிதாகக் கட்டிய படகுகளுக்கு ‘ஸ்பிரிட் ஆஃப் டிரடிஷன்’ என்று தனிப் பிரிவு உண்டு. ஒரே கடல், ஒரே நாள், பட்டியல் வேறு.

முதல் கேள்விக்குக் கட்டும் முறையைப் பார்க்க வேண்டும். பழைய முறை கார்வெல். ஏராக்கட்டை (படகின் முதுகெலும்பு, ஆங்கிலத்தில் கீல்), அதன்மேல் வங்குகள் (விலா எலும்பு மாதிரி), வங்குகளின் வெளிப்புறம் பலகைகள், ஒன்றின் விளிம்பு மற்றதன் விளிம்பை முட்டும்படி. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பசை கிடையாது. பஞ்சுத் திரி அடித்து மேலே மக்கு (புட்டி) பூசியிருக்கும், அவ்வளவுதான். தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊறி அகலத்தில் உப்புகிறது, பக்கத்துப் பலகையை நெருக்குகிறது, இடைவெளி மூடுகிறது. படகு தண்ணீரைத் தடுப்பதே தண்ணீரைக் குடித்துத்தான்.

எபாக்சி முறை இதற்கு நேர் எதிர். சுமார் 3 மி.மீ. தகடுகள், ஓர் அடுக்கு ஒரு சாய்வு, அடுத்தது எதிர்ச்சாய்வு. எல்லா மரமும் பிசினுக்குள் அடைபட்டிருப்பதால் ஈரம் ஏறுவதும் இறங்குவதும் மிகக் குறைவு. உடல் முழுக்க ஒரே துண்டு மாதிரி நிற்கும்.

இரண்டும் மரந்தான். ஆனால் பராமரிக்கிறவனுக்கு அவை இரண்டு வேறு பிராணிகள்.

உப்புக்காற்று, ஜூன் 15, காலை 7:05

அப்ப நான் சொன்னது சரிதானே. ஊறாத மரம் என்ன மரம்?

வாடைக்காற்று, ஜூன் 15, மாலை 4:41

கலப்பற்று எண்டு நல்ல தமிழ்ச் சொல் இருக்கேக்கை ‘பஞ்சு அடிக்கிறது’ எண்டு எழுதுறியள் ஏரா அண்ணை. சரி, கலப்பற்றைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் முழுசாக் கதைக்கோணும். கனபேர் பிழை விடுற இடம் இதுதான்.

ஒரு அங்குலத் தடிப்புப் பலகை எண்டு வையுங்கோ. இரண்டு பலகையும் சந்திக்கிற பொருத்தில உள்பக்கம் மூன்றில் ஒரு பங்காவது மரத்தோட மரம் இறுக்கமா முட்டோணும். வெளிப்பக்கம் மட்டும் வாய் திறந்து இருக்கும், கிட்டத்தட்ட 2 மி.மீ. உள்பக்கமும் திறந்து கிடந்தால் அடிக்கிற திரி நேரா வங்குப் பக்கம் போய் விழும்.

ஒழுங்கு இப்பிடி. பழைய மக்கையும் திரியையும் கொக்கியால இழுத்து எடுக்கோணும். மரம் வெறுமையா நிக்கக்கூடாது, பொருத்துக்குள்ள செவ்வீயப் பூச்சு (சிவப்பு ஈயப் பெயின்ட்) ஒண்டு குடுக்கோணும். பிறகு பஞ்சுத் திரியைச் சின்னச் சின்ன மடிப்பா வைச்சு உளியால இறுக்கோணும். திரிக்கு மேல திரும்பவும் பூச்சு. அது காய்ஞ்ச பிறகுதான் மக்கு. மக்கைப் பலகையோட சமமா இழுக்காமல் கொஞ்சம் பள்ளமா விடோணும். ஊறின உடனே மக்கு வெளியில பிதுங்கும். சமமா விட்டால் பொருத்துக்குப் பொருத்து வரம்பு கட்டின மாதிரி நிக்கும், ஓட்டத்துக்கும் இழுவை.

பெரிய பிழை: குளிர் முழுக்கக் கரையில காய்ஞ்சு இடைவெளி விட்ட படகைப் பார்த்துப் பயந்து, அந்த இடைவெளி முழுக்கத் திரியை அடிச்சு நிரப்புறது. பலகை ஊற இடமில்லை. அது எங்க போகும்? பக்கத்தில நெருக்கி வங்கை உடைக்கும், இல்லாட்டித் திருகாணியை மரத்துக்குள்ளால இழுக்கும். கடைசியில வங்கு பழசு, உளுத்துப்போச்சு எண்டு சொல்லுவினம். உளுக்கேல்லை, நீங்கள் உடைச்சது.

சுக்கான், ஜூன் 16, இரவு 10:10

மேலே சொன்ன ‘கரையில காய்ந்த’ விஷயம் மேய்னில் இன்னும் கூர்மை. அங்கே படகு வருடத்தில் பாதிக்கு மேல் கொட்டகையில் கிடக்கும். மண் தரைக் கொட்டகை உத்தமம், தரையின் ஈரம் அடிப்பலகையைக் காப்பாற்றும். சிமென்ட் தரை போட்டு ஹீட்டரும் வைத்த கொட்டகை மனிதனுக்குச் சுகம், படகுக்குச் சூளை.

இறக்கும்போது செய்ய வேண்டியது:

நாலைந்து நாள் முன்னாடியே உள்ளே அடித்தளத்தில் நனைத்த கோணிச் சாக்கைப் பரப்பி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் கிடைத்தால் அதுவே போதும். நல்ல தண்ணீரைத் தேக்கி வைப்பது அழுகலுக்கு அழைப்பு.

இறக்கும் நாளில் தூக்குவாரை, அதாவது படகைத் தூக்கி இறக்கும் பட்டையை, கழற்றக் கூடாது. படகு ஓர் இரவாவது வாரிலேயே தண்ணீரில் தொங்கட்டும். இரண்டு பம்ப், இரண்டும் தனித்தனி பாட்டரியில். முதல் சில மணி நேரம் தண்ணீர் ஊற்றாகப் பாயும், பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். மறுநாள் பாதியாகும். மூன்றாம் நாளும் குறையவில்லை என்றால் அது ஊறும் கசிவு அல்ல. எங்கோ திரி வெளியே வந்துவிட்டது, தூக்கிப் பார்க்க வேண்டும்.

தானியங்கி பம்ப் வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர் தெரியாது, கவலையும் வராது. பம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை விநாடி ஓடுகிறது என்று எழுதி வையுங்கள். அந்தக் கணக்குதான் படகின் நாடி.

பழைய ஆட்கள் ஒரு வேலை செய்வார்கள்: ஒரு வாளி மரத்தூளைக் கம்பு வைத்துப் படகின் அடியில் கொண்டுபோய் விடுவார்கள். கசிவு தூளை உள்ளே இழுக்கும், பொருத்தில் அடைத்துக்கொள்ளும், பலகை ஊறும்வரை தாங்கும். வேலை செய்கிறது.

கணக்குப்பிள்ளை, ஜூன் 18, மதியம் 1:30

கட்டுமானத்தை விட்டுக் கொஞ்சம் கணக்குக்கு வருவோமா? உப்புக்காற்று கேட்டதில் நியாயம் இருப்பது இங்கேதான். ஒரே பிரிவுக்குள்ளும் படகுக்குப் படகு வேகம் வேறு. அதற்குத்தான் ரேட்டிங்.

பொதுவான முறை, ஒவ்வொரு படகுக்கும் ஒரு மைலுக்கு இத்தனை விநாடி சலுகை. ‘அ’ படகுக்கு 150, ‘ஆ’ படகுக்கு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள் (கற்பனை எண்). வித்தியாசம் மைலுக்கு 30 விநாடி. ஓட்டப் பாதை சுமார் 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். 15 × 30 = 450 விநாடி. ஆக ‘ஆ’, ‘அ’வை விட 7 நிமிடம் 30 விநாடிக்கு மேல் முந்தி வந்தால்தான் ஜெயித்தது.

சுக்கான், ஜூன் 18, மதியம் 2:02

15 கடல் மைல் ஐயா. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. கிட்டத்தட்ட 28 கி.மீ. வரும். தரை மைல் போட்டுட்டீங்க.

கணக்குப்பிள்ளை, ஜூன் 18, மதியம் 2:15

ஆமாம், 27.8. சலுகைக் கணக்கு கடல் மைலுக்குத்தான் என்பதால் 450 மாறாது. கிலோமீட்டரை அடித்துவிடுங்கள்.

இப்போது இந்த முறையின் ஓட்டை. 450 விநாடி என்பது காற்று எப்படி இருந்தாலும் 450 தான். நல்ல காற்றில் 2 மணி நேரத்தில் முடிந்தாலும், காற்று செத்து 5 மணி நேரம் இழுத்தாலும் அதே சலுகை. 5 மணி நேரம் இழுக்கும்போது மெதுவான படகு பின்தங்குவது 450 விநாடிக்கு ரொம்ப அதிகம். பாவம், அது மிதந்துகொண்டே தோற்கும்.

மாற்று முறையில் ஓடிய நேரத்தையே ஒரு எண்ணால் பெருக்குவார்கள். பரவலான சூத்திரம்: 650-ஐ, 550 கூட்டல் ரேட்டிங் என்பதால் வகுக்க வேண்டும். ‘அ’வுக்கு 650 ÷ 700 = 0.9286. ‘ஆ’வுக்கு 650 ÷ 670 = 0.9701. இப்படிப் பார்த்தால் ‘அ’ 2 மணி நேரம் ஓடினால் அதற்குக் கிடைக்கும் சலுகை 5 நிமிடம் 9 விநாடி. 3 மணி நேரமானால் 7 நிமிடம் 43. 5 மணி நேரமானால் 12 நிமிடம் 51.

ஒரே பந்தயத்துக்கு இரண்டு முறையில் இரண்டு வெற்றியாளர் வருவதும் உண்டு. ‘அ’ சரியாக 3 மணி நேரம், ‘ஆ’ 2 மணி 52 நிமிடம் 25 விநாடி. மைல் கணக்கில் ‘ஆ’ 5 விநாடியில் ஜெயிக்கிறது. பெருக்கல் கணக்கில் ‘அ’ 7 விநாடி சொச்சத்தில் ஜெயிக்கிறது. போட்டுப் பாருங்கள். எந்த முறை என்று பந்தயக் குறிப்பில் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் கரையில் வந்து சண்டை போடுகிறவர்களுக்கு மருந்தில்லை.

உப்புக்காற்று, ஜூன் 18, இரவு 11:20

போட்டுப் பாத்துட்டேன், சரியா வருது. ஆனா 5 விநாடிக்காக இவ்வளவு கணக்கா? ஒரு அலை தூக்கி அடிச்சாலே 5 விநாடி போயிடும்.

ஏரா, ஜூன் 20, காலை 5:58

முந்தைய பதிவில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். டபிள்யூ-76-இன் வேகத்துக்குக் காரணம் எபாக்சி என்று எல்லாரும் நினைக்கும்படி எழுதிவிட்டேன். பாதிதான் உண்மை.

ஜோயல் ஒயிட் வரைந்த அந்தப் படகுக்கு முன்மாதிரி, நத்தானியல் ஹெரஷாஃப் 1913-இல் கட்டிய நியூயார்க் 50 வகைப் படகு. தண்ணீருக்கு மேலே பார்த்தால் அந்தக் காலத்து நீண்ட மூக்கு, தாழ்ந்த விளிம்பு எல்லாம் அப்படியே இருக்கும். தண்ணீருக்குக் கீழே கதையே வேறு. நீளமான ஏரா கிடையாது, துடுப்பு மாதிரி ஒல்லியான கீல், அதன் நுனியில் ஈயக் குமிழ், சுக்கான் தனியாகப் பின்னால். பழைய படகில் ஏரா பாதி நீளத்துக்கு ஓடி, அதன் கடைசியிலேயே சுக்கான் தொங்கும். தண்ணீரில் உரசும் பரப்பு எவ்வளவு அதிகம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக உங்கள் கோபம் பசை மேல் இருக்க வேண்டியதில்லை. அதே எபாக்சியில் 1913-இன் அடி வடிவத்தை அப்படியே கட்டினால் அது பழைய படகைப் போலத்தான் திரும்பும், எடை மட்டும் கொஞ்சம் குறையும்.

இன்னொன்று நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளம். அதை அடிக்கணக்கில் அளந்து, வர்க்கமூலம் எடுத்து, 1.34-ஆல் பெருக்கினால் கனத்த உடல் படகின் உச்ச வேகம் ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். கன்கார்டியாவின் நீர்க்கோடு 28 அடி 6 அங்குலம். சுமார் 7.15 நாட். 50 அடி நீர்க்கோட்டுக்கு 9.5-ஐ ஒட்டி வரும். எந்தக் கலப்பற்றுக்காரரும் இதை மாற்ற முடியாது.

வாடைக்காற்று, ஜூன் 20, மாலை 6:30

கன்கார்டியா எண்டதும் ஒண்டு. 103 கட்டினவை, அதில 99 ஜேர்மனியில ஆபெக்கிங் அண்ட் ராஸ்முசன் பட்டறையில. அணியத்தில (முன்பக்கம்) நட்சத்திரம், பின்பக்கம் பிறை நிலா செதுக்கி இருக்கும். தூரத்தில கண்டால் முன்னால போறதா, திரும்பி வாறதா எண்டு அதை வைச்சுச் சொல்லலாம் எண்டு பகிடி.

ஹெரஷாஃப் பேர் வந்தபடியால் இதையும் சொல்லோணும். 1876-ல நியூயார்க்கில நூற்றாண்டு ரெகட்டா. ஹெரஷாஃப் இரட்டை உடல் படகொண்டைக் கொண்டுவந்தார், பேர் அமரில்லிஸ். எல்லாரையும் விழுத்திப்போட்டுது. உடனே எதிர்ப்பு, ‘இது படகே இல்லை’ எண்டு. உப்புக்காற்றின்ர கேள்வி அப்பவே இருந்திருக்கு. அந்த மாதிரிப் படகை இங்கிலிசில கூப்பிடுற பேர் எங்கட கட்டுமரம்.

சுக்கான், ஜூன் 21, காலை 8:15

பேர் நம்முடையது, பொருள் இல்லை. கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது. மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, தண்ணீர் நடுவிலேயே ஏறி நடுவிலேயே வடியும். ‘கசிகிறதா’ என்ற கேள்வியே எழாத ஒரே படகு அதுதான். மேலே நாம் எழுதின அத்தனை கலப்பற்றுக் கவலையும் மிச்சம்.

மசூலாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னைக் கரையில் ஓடியது, ஆணியே இல்லாமல் பலகையைக் கயிற்றுப் புரியால் தைத்தது. அலை கரையில் தூக்கிப் போட்டால் வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு அந்த இடத்தில் பிளந்திருக்கும்.

உப்புக்காற்று, ஜூன் 21, காலை 8:40

இழை மெரினாவுக்கு வந்துடுச்சு. மேய்னுக்குத் திரும்புங்க. ஆணின்னு சொன்னீங்க, அங்க என்ன போடுறாங்க?

ஏரா, ஜூன் 22, இரவு 9:00

நல்ல படகில் சிலிக்கான் வெண்கலத் திருகாணி. மலிவாகக் கட்டியதில் துத்தநாகம் பூசிய இரும்பு. இரும்பு துருப்பிடிக்கும்போது ஆணி மட்டும் போவதில்லை, சுற்றியுள்ள ஓக் மரமும் கறுத்து மாவாகிறது. சோதிக்க வழி: நீர்க்கோட்டுக்குக் கீழே ஆங்காங்கே சில திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள். முழுதாக வந்தால் சரி. தலை மட்டும் வந்தால், அல்லது செம்பு நிறத்தில் இளஞ்சிவப்பாக நொறுங்கினால், மறுபடி ஆணி போடும் காலம் வந்துவிட்டது. இளஞ்சிவப்பு என்றால் அது வெண்கலமே அல்ல, பித்தளை. துத்தநாகம் கரைந்து போயிற்று.

துத்தநாகத் தகடு மாட்டினால் அரிப்பு நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதிகமாக மாட்டினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. பாதுகாக்கப்படும் உலோகத்தைச் சுற்றி காரம் உண்டாகி மரத்தைத் தின்னும். வெண்கலக் குழாய் முனையைச் சுற்றி மரம் நனைந்த பஞ்சு மாதிரி மயிர்மயிராக எழும்பியிருந்தால், வெள்ளை உப்பும் பூத்திருந்தால், அது அழுகல் அல்ல. தகட்டைக் குறையுங்கள். ஃபைபர்கிளாஸ் படகுக்காரர் சொன்னார் என்று மரப் படகில் நாலு தகடு மாட்டுவது இப்படித்தான் முடியும்.

ஓக்கிலும் இரண்டு. வங்குக்கு வெள்ளை ஓக். சிவப்பு ஓக் சீக்கிரம் அழுகும், காரணம் அதன் நாளங்கள் திறந்தே கிடக்கும். வெள்ளை ஓக்கில் அவை அடைபட்டிருக்கும். ஒரு சாண் நீளச் சிவப்பு ஓக் துண்டின் ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். மர வியாபாரியோடு வாதாடுவதை விட இது சுருக்கம்.

வங்கை வளைக்க ஆவி: ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம். பெட்டியிலிருந்து எடுத்தால் சில விநாடிகளுக்குள் இடத்தில் வளைத்துப் பிடித்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் வேகட்டும்’ என்று இரட்டிப்பு நேரம் விட்டால் மரம் வளையாது, முறியும்.

சுக்கான், ஜூலை 3, இரவு 8:25

பந்தயத்துக்கு ஒரு மாதம். மரப் படகில் பாய்மரக் கம்பிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

புதுப் படகுப் பழக்கத்தில் கம்பியை வீணைத் தந்தி மாதிரி முறுக்கக் கூடாது. இரண்டு பக்கக் கம்பியும் உடலை மேலே இழுக்கும், பாய்மரம் நடுவில் கீழே குத்தும். படகை வில்லாக வளைக்கிற வேலை அது. முதலில் வாய் பிளப்பது ஏராவை ஒட்டிய முதல் பலகைப் பொருத்து. எதிர்க்காற்றில் படகு சாய்ந்து ஓடும்போது காற்றுக்கீழ்ப் பக்கத்துக் கம்பி கொஞ்சம் தொளதொளத்தால் சரியான அளவு. ஒரு பக்கச் சாய்வில் மட்டும் பம்ப் அடிக்கடி ஓடினால் அந்தப் பக்கத்துப் பொருத்தைச் சந்தேகப்படுங்கள்.

நகரும் பின்கம்பி (பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது, பக்கத்துக்கு ஒன்று) உள்ள படகில் காற்றைப் பின்னால் வாங்கித் திரும்புவதுதான் ஆபத்தான வேலை. பெரிய பாயின் தாமானை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) இழுத்து, பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் அடிக்கட்டையை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். புதுப் பக்கத்துப் பின்கம்பியை இறுக்குங்கள். இறுக்கியவர் ‘பிடிச்சாச்சு’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பழைய பக்கத்தை விடுவது. பிறகு சுக்கான், பிறகு தாமானைச் சடசடவென்று விடுவது. பழையதை விட மறந்தால் அடிக்கட்டை போய்க் கம்பியில் மோதும். புதியதை மாட்ட மறந்தால் பாய்மரம் முன்னால் வளையும், எழுபது எண்பது வருடத்து ஸ்ப்ரூஸ் மரமும் அதன் பசை ஒட்டும் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

உப்புக்காற்று, ஜூலை 4, காலை 7:30

பெரிய படகும் சின்னதும் ஒண்ணா ஓடுறப்ப மோதிக்காதா?

கணக்குப்பிள்ளை, ஜூலை 4, காலை 9:12

மோதியிருக்கிறது, மேய்னில் அல்ல. பிரான்ஸ் சான் ட்ரோபேயில் 1995-இல் நியூலார்க் பந்தயத்தில் ஒரு பெரிய ஸ்கூனரும் 6 மீட்டர் வகைப் படகும் மோதி ஒருவர் இறந்தார். பந்தயமே நின்றுபோய் 1999-இல்தான் வேறு பெயரில் திரும்ப வந்தது.

விதி எல்லாருக்கும் ஒன்றுதான். வலப்பக்கக் காற்று வாங்குகிறவருக்கு இடப்பக்கக் காற்று வாங்குகிறவர் வழிவிட வேண்டும். ஒரே பக்கக் காற்றென்றால் காற்றுமேலே இருப்பவர் விலக வேண்டும். மிதவைக் குறியைச் சுற்றும்போது மூன்று உடல் நீளத்துக்குள் வந்ததும் உள்பக்கத்தவருக்கு இடம். இந்த ‘உடல் நீளம்’ என்பதில் மூக்குக் கட்டை சேராது. பழைய படகில் மூக்குக் கட்டை பத்தடி பதினைந்தடி நீட்டிக்கொண்டிருக்கும்! உடலை மட்டும் பார்த்து இடம் விட்டால் அடுத்தவர் பாயைக் குத்திக் கிழிக்கும்.

இதைவிட முக்கியம் எடை. 30 டன் படகு நினைத்த இடத்தில் நிற்காது. தொடக்கச் சங்கு 5, 4, 1, 0 நிமிடம். புதுப் படகு கடைசி நிமிடத்தில் கோட்டருகே நின்று காத்திருக்கும், சங்கு ஊதினதும் பாயும். நீண்ட ஏராப் படகு நின்றால் மறுபடி வேகம் பிடிக்க வெகுநேரம். ஆகவே தூரத்திலிருந்தே ஓட்டத்தோடு வர வேண்டும், நேரம் கணித்து. கோட்டை விட்டு விலகிப் போக எத்தனை விநாடி, திரும்ப எத்தனை, வர எத்தனை என்று முன்கூட்டியே இரண்டு முறை ஓட்டிப் பார்த்து அளந்துகொள்வதுதான் வழி.

வாடைக்காற்று, ஜூலை 19, இரவு 7:50

எல்லாம் சரி, எகெமோகின் ரீச்சில (பந்தயம் நடக்கிற நீரிணை) உண்மையான எதிரி சிங்கி இறால் கூட்டின்ர மிதவைதான். அங்க கடல் முழுக்க அதுதான். ஒவ்வொரு மீனவருக்கும் தனி நிறம், அதே நிறத்தைத் தன்ர படகிலயும் காட்டோணும் எண்டு சட்டம்.

அந்தப் பக்கம் கடல் ஏத்த வத்தம் பத்தடி மட்டில இருக்கும். அதால கயிற்றை நீளமா விடோணும். வத்தத்தில மிச்சக் கயிறு அடியில பாறையில சிக்காமல் இருக்கக் கயிற்றின்ர நடுவில இன்னொரு சின்ன மிதப்பும் கட்டுவினம். இப்ப பாருங்கோ: பெரிய மிதவைக்கும் சின்ன மிதப்புக்கும் இடையில கயிறு நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ கிடையாக் கிடக்கும். இரண்டு மிதப்புக்கு நடுவில படகை விட்டால் கட்டாயம் மாட்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில விட்டுப் போகோணும். நீரோட்டம் எந்தப் பக்கம் எண்டு மிதவை சாயுறதில தெரியும், அதின்ர கீழ்ப்பக்கத்தில சின்னனைத் தேடுங்கோ... இல்லை, பிழையா எழுதிப்போட்டன். நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் கிடக்கிறது பெரிய மிதவைதான், கயிற்றின்ர நுனி அது. சின்னன் மேல்பக்கத்தில, கூட்டுக்குக் கிட்ட இருக்கும்.

மாட்டினால்: எஞ்சினைப் போடக்கூடாது, விசிறியில சுத்தினால் முடிஞ்சுது. தாமானை விட்டு அணியத்தைக் காற்றுக்கு எதிராத் திருப்புங்கோ. வேகம் செத்ததும் கயிறு தொய்யும். கொக்கிக் கம்பால கயிற்றைக் கீழ அமத்தினால் சுக்கானுக்கு அடியால வழுகிப் போகும். நீண்ட ஏராவில சுக்கான் ஒட்டி இருக்கிறபடியால் பாதி நேரம் தானாகவே வழுகும். டபிள்யூ-76 மாதிரித் தனிச் சுக்கானில அப்படி இல்லை. உப்புக்காற்று சந்தோசப்படலாம். கயிற்றை வெட்டுறது கடைசி வழி, ஒருத்தற்ற கூடு கடலடியில போகுது.

ஏரா, ஜூலை 20, காலை 6:05

மூடுபனி. தெற்கேயிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று மேய்னின் குளிர்ந்த கடல்மேல் படுவதால் ஆகஸ்டிலும் வரும், காலையில் கனமாக இருக்கும். பாயில் ஓடும் படகின் ஒலிக்குறி ஒரு நீளம், இரண்டு குட்டை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை.

மேற்கேயிருந்து வருகிறவர்கள் டீர் ஐல் பாலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். 1939-இல் திறந்தது, ஏற்றத்தில் இடைவெளி 85 அடி. பாய்மரத்தின் உயரத்தோடு உச்சியிலுள்ள விளக்கு, ஆண்டெனா எல்லாம் சேர்த்து அளங்கள்.

உப்புக்காற்று, ஜூலை 29, இரவு 10:35

ஏரா சொன்ன கீல் விஷயத்தை ஒத்துக்கிறேன். பசையில்ல பிரச்சினை, அடி வடிவம்தான். பீரோ உதாரணத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். கார்பன் பாய்மரத்தை மட்டும் ஒத்துக்கவே மாட்டேன், உச்சியில எடை குறைஞ்சா சாயுறதே குறையும், அது எந்த மரத்துல வரும்?

சுக்கான், ஜூலை 30, காலை 7:10

அதுக்கும் ரேட்டிங்கில் கழிப்பார்கள். போதுமா என்பது கணக்குப்பிள்ளை பாடு.

என் ஜூன் 16 பதிவில் ஒரு திருத்தம். மரத்தூள் வித்தை வேலை செய்கிறது என்று மொட்டையாக எழுதியிருந்தேன். உள்ளே வந்த தூள் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே பம்ப் வெறுமனே சுற்றும். தூள் விட்டால் அன்று இரவு மணிக்கு ஒருமுறை எழுந்து சல்லடையைக் கழுவ ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் தூள் வேண்டாம், தூக்குவாரிலேயே இன்னொரு நாள் தொங்கட்டும்.